எந்த ஆண்டின் ரொட்டண்டா?

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய் ரொட்டண்டாவின் முன் நிற்பவர்கள், தாமஸ் ஜெஃபர்சன் எழுப்பிய கட்டடத்தையே பார்ப்பதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ரோமின் பாந்தியனைப் பாதி அளவுக்குச் சுருக்கி அவர் வடிவமைத்த வட்டக் கட்டடமும், அதன் முன்னே விரியும் ‘லான்’ என்ற புல்வெளியும், புல்வெளியின் இரு ஓரங்களிலும் நிற்கும் ‘பெவிலியன்’ எனப்படும் பத்துப் பேராசிரியர் இல்லங்களும், அவற்றை இணைக்கும் தூண் வரிசைகளும் சார்லட்ஸ்வில் நகரில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த வளாகத்தையும் மான்டிசெல்லோவில் உள்ள ஜெஃபர்சனின் வீட்டையும் சேர்த்து யுனெஸ்கோ 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் ரொட்டண்டாவின் வடக்கு முகப்பிலுள்ள தூண் மண்டபம் 1890களின் இறுதியில் சேர்க்கப்பட்டது. குவிமாடம் அதே ஆண்டுகளில் ஓடுகளால் கட்டப்பட்டது. உள்ளே உள்ள நீள்வட்ட அறைகள் 1973-க்கும் 1976-க்கும் இடையில் புதிதாக அமைக்கப்பட்டவை. இவை மூன்றும் ஒன்றுசேர்ந்த ரொட்டண்டா 1976-க்கு முன் எந்த ஆண்டிலும் இருந்ததில்லை. இதைக் கண்ணால் காணும்படி மெய்ப்பிப்பவை அந்தப் பல்கலைக்கழகம் சேர்த்து வைத்திருக்கும் ஒளிப்படங்கள்.

பழைய வளாகம் ஒன்றின் படக் காப்பகத்தை நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு அணுகுகின்றன: தொடக்கத்தில் இது எப்படி இருந்தது? பழுதுபார்க்கும் பொறியாளர், நூற்றாண்டு மலர் தயாரிப்பவர், பழைய மாணவர் சங்கத்தின் நாட்காட்டியை வடிவமைப்பவர் என எல்லோரும் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்விக்கு ஒளிப்படம் பலவீனமான சாட்சி என்பதே என் வாதம். அது உறுதியோடு சொல்லக்கூடியவை வேறு: எது எப்போது மாறியது, ஒரு கட்டடம் எதற்கெல்லாம் பயன்பட்டது, அங்கே யார் யார் இருந்தார்கள். ஆகவே ஒரு காப்பகத்தின் மதிப்பைத் தனியொரு அழகான படத்தைக் கொண்டு அளக்க முடியாது. ஒரே இடத்தைப் பல காலங்களில் காட்டும் படங்களின் தொடரும், ஒவ்வொரு படத்தோடும் வரும் பெயர், தேதி, இடம் ஆகிய குறிப்புகளுமே அதன் உண்மையான செல்வம். வர்ஜீனியாவின் கதையில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் 1819-இல் நிறுவப்பட்டது. 1825-இல் வகுப்புகள் தொடங்கின. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். ஜெஃபர்சன் கண்ட வளாகத்தின் ஒளிப்படம் என ஒன்று இருக்கவே முடியாது. அந்தக் காலத்துக்கு நம்மிடம் இருப்பவை அவருடைய வரைபடங்கள், கடிதங்கள், கணக்குகள், 1822-இல் பீட்டர் மேவரிக் செதுக்கி அச்சிட்ட தளவரைபடம் போன்றவை. வரைபடம் கட்ட நினைத்ததைக் காட்டும். ஒளிப்படமோ, கட்டி முடித்து வெயிலும் மழையும் மாணவர்களும் பட்டு, சில பகுதிகள் மாற்றவும் பட்ட பிறகு உள்ள நிலையைக் காட்டும். 1850களின் தொடக்கத்திலேயே ரொட்டண்டாவின் வடபுறம் ராபர்ட் மில்ஸ் வடிவமைத்த ‘அனெக்ஸ்’ என்ற நீண்ட இணைப்புக் கட்டடம் எழும்பிவிட்டது. கூடுதல் வகுப்பறைகளும் ஒரு பெரிய அரங்கமும் அதில் இருந்தன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் படங்கள் காட்டும் ரொட்டண்டா ஏற்கெனவே ஜெஃபர்சனின் ரொட்டண்டா அல்ல. பின்னால் ஒரு வால் ஒட்டிய, புத்தகங்கள் நெருக்கியடித்த, உழைத்துக்கொண்டிருக்கும் கட்டடம் அது.

1895 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, அனெக்ஸில் தீப்பிடித்தது. மின்கம்பிப் பழுதே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. தீ ரொட்டண்டாவுக்குப் பரவாமல் தடுக்க, பேராசிரியர் வில்லியம் எக்கல்ஸ் இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்தார். தீ நிற்கவில்லை. மாணவர்கள் கையில் அகப்பட்ட புத்தகங்களையும், அலெக்ஸாண்டர் கால்ட் வடித்த ஜெஃபர்சனின் ஆளுயரப் பளிங்குச் சிலையையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். மரத்தாலான குவிமாடம் எரிந்து விழுந்தது. வட்டச் சுவர் மட்டும் நின்றது. அன்று எரியும் கட்டடத்தையும் மறுநாட்களில் இடிபாட்டையும் படம்பிடித்தவர்கள் இருந்தார்கள். சுவரின் எந்த உயரம் வரை செங்கல் தப்பியது, எந்தத் தூண் உடைந்தது, எந்தப் பகுதி பிற்காலத்துப் புதுச்சுவர் என்பதையெல்லாம் அறிய இந்தப் படங்களே வழி. ஒளிப்படம் தன் முழு வலிமையோடு பேசுவது இத்தகைய தருணங்களில்தான். இரண்டு நிலைகளுக்கு நடுவே நின்று, இதுவரை பழையது, இதற்குமேல் புதியது என்று கோடு போட்டுக் காட்டுகிறது.

மீண்டும் கட்டும் பொறுப்பு நியூயார்க்கின் மெக்கிம், மீட் அண்டு ஒயிட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்ஃபோர்ட் ஒயிட்டிடம் வந்தது. ரொட்டண்டாவில் இருந்த நூலகத்துக்கு இடம் போதாமல் இருந்த காலம் அது. உள்ளே இருந்த நடுத் தளத்தை நீக்கி, இரண்டு தளங்களின் உயரத்தையும் ஒரே பெரிய வாசக மண்டபமாக ஆக்கினார் ஒயிட். தீப்பிடிக்காத குவாஸ்டவினோ ஓடுகளால் குவிமாடத்தை எழுப்பினார். அனெக்ஸ் நின்ற வடபுறத்தில் புதிய தூண் மண்டபம் வந்தது. புல்வெளியின் தென்கோடியில் மூன்று கட்டடங்களைக் கட்டி, ஜெஃபர்சன் திறந்தே விட்டிருந்த பக்கத்தை மூடினார். 1938-இல் ஆல்டர்மன் நூலகம் திறக்கப்படும் வரை பல தலைமுறை மாணவர்கள் படித்த நூலகம் ஒயிட்டின் அந்த மண்டபம்தான். 1970களில் அது முழுமையாக நீக்கப்பட்டது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஃபிரடெரிக் நிக்கல்ஸின் நெடுநாள் முயற்சியால் ஜெஃபர்சனின் உள்ளமைப்பு மறுபடி கட்டப்பட்டு, 1976 ஏப்ரல் 13 அன்று, ஜெஃபர்சனின் பிறந்தநாளில், திறந்துவைக்கப்பட்டது. ஒயிட்டின் வாசக மண்டபம் இன்று வரைபடங்களிலும் ஒளிப்படங்களிலும் மட்டுமே இருக்கிறது.

அந்த மண்டபத்தை நீக்கிய முடிவை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. ஒயிட்டின் பெயர் சொல்ல அமெரிக்காவில் கட்டடங்களுக்குக் குறைவில்லை; ஜெஃபர்சன் முழுமையாகத் திட்டமிட்ட கல்வி வளாகம் உலகில் ஒன்றே ஒன்றுதான். அதன் நடுவிலுள்ள அறைகளை அவர் கருதிய அளவிலும் ஒளியிலும் பார்க்கும் வாய்ப்பை ஏன் மறுக்க வேண்டும்? வரைபடங்கள் இருந்தன, தீக்கு முந்தைய உட்புறப் படங்களும் இருந்தன, இவ்வளவு சான்று உள்ள கட்டடங்கள் அரிது. எல்லாம் சரி. ஆனால் அந்த உட்புறப் படங்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவற்றில் தெரிவது புத்தக அலமாரிகள் நிறைந்த, மேசையும் நாற்காலியும் நெருங்கிய ஒரு நூலகம். 1976-இல் எழுந்தது விழாக்களுக்கும் வரவேற்புகளுக்கும் ஏற்ற, வெண்மையான, விசாலமான கூடம். தூண்களின் இடமும் வளைவின் அளவும் சான்றிலிருந்து எடுக்கப்பட்டன. அந்த அறை எதற்காக வாழ்ந்தது என்பது விடப்பட்டது. குவிமாடமும் வடக்கு மண்டபமும் ஒயிட்டுடையவையாகவே தொடர்ந்தன. தொடக்கத்துக்குத் திரும்பும் எண்ணத்தோடு புறப்பட்டவர்கள், தங்கள் காலத்துக்கே உரிய நான்காவது ரொட்டண்டா ஒன்றைக் கட்டினார்கள். அதை அவர்கள் கட்டியது தவறென்று நான் சொல்லவில்லை. அதற்குப் பழைய படங்களைச் சாட்சியாக நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தப் படங்களின் வாக்குமூலம் வேறு.

தொடக்க நிலையைச் சொல்வதில் ஒளிப்படம் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு வேதியியல் காரணமும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்புக்கு ஏறக்குறைய இல்லாமலும் வினைபுரிந்தன. நீல வானம் வெளுத்துப்போகும். செங்கல் சுவர் கருத்துவிடும். வெயிலில் நிற்கும் வெளிர்நிறத் தூண் வெள்ளையாகவே தோன்றக்கூடும். பின்னர் வந்த வண்ணம் ஏற்றிய அஞ்சல் அட்டைகள் சிவப்புச் செங்கலையும் தூய வெள்ளைத் தூண்களையும் மக்கள் மனத்தில் நிலைநிறுத்தின. ஜெஃபர்சனின் கட்டடக்கலை என்றாலே வெள்ளைத் தூண் என்றாகிவிட்டது. ஆனால் பத்தாம் எண் பெவிலியனை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீர்செய்தபோது, பூச்சின் அடுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. தூண்களின் முதற்பூச்சு மணல் நிறம். அந்த நிறத்தையே மீண்டும் பூசினார்கள்; கூரைமேல் இருந்து பிற்காலத்தில் அகற்றப்பட்ட கைப்பிடிச் சுவரையும் திரும்ப எழுப்பினார்கள். வெள்ளையைப் பார்த்துப் பழகிய பலருக்கு அது பிடிக்கவில்லை. வளாகத்தின் நூற்றுக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒருமித்துச் சொன்ன வெள்ளை நிறத்தை, நகத்தின் அளவுகூட இல்லாத பூச்சுத் துணுக்கு மறுத்துவிட்டது.

இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடத் துலக்கமானது. அண்மைய பெரும் பழுதுபார்ப்பின்போது ரொட்டண்டாவின் கீழ்த்தளச் சுவருக்குள் ஒரு வேதியியல் அடுப்பு வெளிப்பட்டது. 2015-இல் பல்கலைக்கழகம் அதை அறிவித்தது. மாணவர்கள் பரிசோதனை செய்யத் தொடக்க ஆண்டுகளில் கட்டப்பட்டு, 1840களில் சுவர் எழுப்பி மூடப்பட்ட அடுப்பு அது. அந்தச் சுவர்தான் 1895 தீயிலிருந்து அதைக் காத்தது. ஒயிட்டின் பணியாளர்களும் 1970களின் பணியாளர்களும் அதன் பக்கத்திலேயே வேலை செய்திருக்கிறார்கள். எந்தப் படத்திலும் அது இருக்க வழியில்லை. லேசர் கொண்டு ஒவ்வொரு மில்லிமீட்டரையும் அளக்கும் முப்பரிமாணப் பதிவுகள் வந்த பிறகு பழைய கண்ணாடித் தகடுகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த அடுப்பு ஒரு பாதி விடை தருகிறது. லேசரும் மேற்பரப்பையே பார்க்கிறது. அளவில் அது தகட்டை வெல்லும், காலத்தில் வெல்லாது. இன்று அளப்பது இன்றைய சுவரை. 1895-க்கு முந்தைய சுவரை அளக்க எந்தக் கருவியாலும் முடியாது. அப்போது எடுத்த படத்தைத்தான் நாட வேண்டும்.

காலம் போலவே திசையும் முக்கியம். ரொட்டண்டாவின் புகழ்பெற்ற காட்சி புல்வெளியில் நின்று வடக்கு நோக்கி எடுப்பது. அப்படி நிற்கும் கேமராவின் முதுகுக்குப் பின்னால், தெற்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘கனடா’ என்று அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது. அடிமைத்தளை இல்லாத கறுப்பினப் பெண்ணான கேத்தரின் ஃபாஸ்டர் 1833-இல் அங்கே நிலம் வாங்கினார். பல்கலைக்கழகத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்து வாழ்ந்தார். 1993-இல் அந்த இடத்தில் கல்லறைகள் கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் பல்கலைக்கழகம் அந்தக் குடும்பத்தைக் கருத்தோடு திரும்பிப் பார்த்தது. பெவிலியன்களின் பின்புறமும் இப்படித்தான். வளைந்து நெளியும் மதில்களுக்குள் இன்று இருப்பவை, வர்ஜீனியா தோட்டக் கழகத்தின் ஆதரவில் 1950களிலும் 1960களிலும் அமைக்கப்பட்ட பூந்தோட்டங்கள். முன்பு அவை சமையல்கட்டு, இறைச்சிக்குப் புகையூட்டும் அறை, கழிப்பிடம், துணி துவைக்கும் இடம் எல்லாம் அடங்கிய வேலை முற்றங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் உழைத்த, உறங்கிய இடங்கள். பின்முற்றத்தைக் காட்டும் பழைய படம் ஒன்று கிடைத்தால், துலக்கமில்லாமல் இருந்தாலும், ரொட்டண்டாவின் முகப்பைக் காட்டும் இருபது படங்களைவிட அது மதிப்புடையது என்பேன்.

பல்கலைக்கழகம் கட்டத் தொடங்கியதிலிருந்து 1865 வரை அங்கே அடிமைகளாக உழைத்தவர்கள் குறைந்தது 4,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 2020-இல் ரொட்டண்டாவின் கிழக்கே கட்டி முடிக்கப்பட்ட அவர்களுடைய நினைவுச்சின்னத்தில், பெயர் கிடைத்தவர்கள் அறுநூறு பேருக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லில் வெறும் கீறல்கள். அந்தக் கருங்கல் வளையத்தின் வெளிச்சுவரில் இரண்டு கண்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் ஒருவரின் வீட்டில் அடிமையாக இருந்து, விடுதலைக்குப் பின் பள்ளி ஆசிரியரான இசபெல்லா கிப்பன்ஸின் ஒளிப்படத்திலிருந்து எடுத்த கண்கள் அவை. வளாகத்தை ஆவணப்படுத்தும் நோக்கில் யாரும் எடுக்காத ஒரு படம், அந்த வளாகத்தின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாகியிருக்கிறது. ஹென்றி மார்ட்டின் என்பவரின் படங்களும் கிடைக்கின்றன. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வளாகத்தின் மணியை அடித்தவர் அவர். 1895-இல் தீயை அறிவித்ததும் அவருடைய மணியே. அந்தத் தலைமுறைப் பணியாளர்களில் பெயரும் முகமும் ஒருசேரக் கிடைக்கும் வெகு சிலரில் ஒருவர் அவர்.

பெயரும் முகமும் ஒருசேரக் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஹோல்சிங்கர் தொகுப்பு காட்டுகிறது. சார்லட்ஸ்வில் நகரில் ஸ்டூடியோ நடத்திய ரூஃபஸ் ஹோல்சிங்கரின் ஏறத்தாழ 9,000 கண்ணாடி நெகட்டிவ்களும், சில நூறு செல்லுலாய்டு நெகட்டிவ்களும் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. வளாகக் கட்டடங்களும் விழாக்களும் அவற்றில் உண்டு. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு, காசு கொடுத்துத் தங்களைப் படம் எடுத்துக்கொண்ட நகர மக்களின் உருவப்படங்கள். அவற்றுள் ஏறக்குறைய 500 படங்கள் கறுப்பினத்தவருடையவை. இனப் பிரிவினை சட்டமாக இருந்த நாட்களில் தங்கள் விருப்பப்படி உடுத்தி, தங்கள் விருப்பப்படி அமர்ந்து எடுத்துக்கொண்டவை. படம் எடுக்கச் சொன்னவரின் பெயரும் தேதியும் ஸ்டூடியோவின் பதிவில் இருந்ததால், ஆய்வாளர்களால் அந்த முகங்களை மக்கள்தொகைக் கணக்கோடும், நிலப் பத்திரங்களோடும், இன்றுள்ள பேரப்பிள்ளைகளோடும் சேர்க்க முடிந்திருக்கிறது. வளாகத்தில் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், மாணவர் அறைகளைப் பெருக்கியவர்கள் இந்த மக்களிடையிலிருந்து வந்தவர்கள். வளாகக் கட்டடம் ஒன்றின் படத்தில் ஓரத்தில் நிற்கும் பெயரற்ற உருவத்துக்கும், ஸ்டூடியோவில் பெயரோடு அமர்ந்திருக்கும் உருவத்துக்கும் இடையிலுள்ள தொலைவை மூடுவது ஒரு வணிகரின் கணக்குக் குறிப்பு. காப்பகத்துக்கு நெகட்டிவ் மட்டும் வந்து பதிவுகள் குப்பைக்குப் போயிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

இது இன்றைய அரசியலைப் பழைய படங்கள்மீது ஏற்றுவது என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடத்தை ஆவணப்படுத்த எடுத்த படத்தில் கட்டடத்தைப் பார்ப்பதே முறை, ஓரத்தில் நிற்பவரைத் தேடுவது ஆய்வாளரின் விருப்பம் என்கிறார்கள். என் விடை, கட்டடத்தைப் புரிந்துகொள்வதற்கே அவர் தேவைப்படுகிறார் என்பது. பெவிலியனின் நிலவறை ஏன் அத்தனை பெரிது, பின்மதில் ஏன் அவ்வளவு உயரம், முற்றத்துக்கு ஏன் தனிவழி என்ற கேள்விகளுக்குத் தூண்களின் அளவுவிகிதத்தில் விடை இல்லை. அங்கே யார் வேலை செய்தார்கள், யார் கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது என்பதில் இருக்கிறது. முகப்பை மட்டும் பார்ப்பதும் ஒரு தேர்வுதான். பல ஆண்டுகள் செய்து பழகியதால் அது தேர்வு என்றே தெரியாமல் போனது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டால் காப்பகத்தின் அன்றாட வேலை மாறுகிறது. ஜெஃபர்சன் வடிவமைத்த உடற்கூறியல் கூடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்களுக்கு உடலை அறுத்துக் காட்டக் கட்டிய இந்தக் கட்டடம், 1938-இல் ஆல்டர்மன் நூலகம் எழுந்தபின் அதன் முன்னே இடைஞ்சலாக நின்றதால் இடிக்கப்பட்டது. வளாகத்துக்காக அவர் வரைந்த கட்டடங்களில் இடிக்கப்பட்டது இது ஒன்றுதான். இதன் படங்கள் கிடைக்கின்றன. ஆனால் 1886-இல் ஒருமுறை தீப்பட்டுச் சீர்செய்யப்பட்ட கூடம் இது. தேதி தெரியாத ஒரு படத்தை வைத்து ஜன்னலின் வடிவத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது; தேதி தெரிந்தால் அதே படம் ஒரு முழு அத்தியாயத்தைத் திறக்கும். பெயரும் அப்படித்தான். ஆல்டர்மனின் பெயர் நீக்கப்பட்டு, அந்த நூலகம் 2024 முதல் ஷானன் நூலகம். அட்டவணையில் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் எழுதினால், எண்பது ஆண்டுக் கடிதங்களும் செய்திகளும் அந்தப் படத்திலிருந்து துண்டிக்கப்படும். இரண்டு பெயர்களும், மாறிய ஆண்டும் வேண்டும். படத்தை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவதற்கு நன்கொடை திரட்டுவது எளிது. படத்தின் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தைப் படித்து, தீக்காப்பீட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டு, தேதியை ஐந்தாண்டு எல்லைக்குள் குறுக்கும் வேலைக்குப் பணம் தருவார் குறைவு. அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்காத நிறுவனம் காப்பகம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

புதிதாகப் படம் எடுப்பதிலும் இதே அளவுகோல் பொருந்தும். ஆண்டுதோறும் அதே இடங்களில் நின்று, அதே திசைகளில், முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். சமையற்கூடம், கொதிகலன் அறை, வாகன நிறுத்துமிடம் எதுவும் விலக்கல்ல. படத்தில் வருகிற பணியாளரிடம் சம்மதம் கேட்டு, பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எதையும் இடிக்கும் முன்னர் எடுப்பதோடு, இடிக்கும்போதும், சுவர் திறந்து கிடக்கும்போதும் எடுக்க வேண்டும். வேதியியல் அடுப்பு போன்றவை வெளியே வருவது அப்போதுதான். ரொட்டண்டாவைப் பொறுத்தவரை இன்றே செய்யக்கூடிய காரியமும் ஒன்று இருக்கிறது. குவிமாட அறைக்கு வருகிறவர்கள் நிற்கும் அதே இடத்தில், தீக்கு முன் அலமாரிகள் நிறைந்திருந்த நூலகத்தின் படத்தையும், கூரையிழந்த சுவர்களின் படத்தையும், ஒயிட்டின் வாசக மண்டபத்தின் படத்தையும், 1970களில் அந்த மண்டபத்தை அகற்றியபோது எடுத்த படங்களையும் ஆண்டுகளைப் பெரிதாக எழுதி வைக்கலாம். தாங்கள் நிற்பது எந்த ஆண்டின் தரையில் என்று வருகிறவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். அதற்கு விடை சொல்லக்கூடிய வழிகாட்டிகளையும் பல்கலைக்கழகம் பயிற்றுவிக்க வேண்டியிருக்கும்.